கேட்ட புத்தகங்கள்: சில அதிருப்திகள்

தமிழில் ஒலிநூல் என்ற பெயரில் இன்று வந்துகொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவற்றை நூல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாடகம் என்று சொல்லலாம். அதிலும் நல்ல நாடகம் என்று சொல்ல முடியாது. இப்படிச் சொல்வதற்கு எனக்குள்ள ஒரே தகுதி, நாலைந்து வருஷங்களாக அவற்றைக் காசு கொடுத்தும் கொடுக்காமலும் கேட்டு வருகிறேன் என்பதுதான். சனிக்கிழமை இரவு கல்லாவிக்கும், திங்கட்கிழமை விடியலில் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கும் பஸ் மாறிப் போகிற பாங்க் குமாஸ்தாவுக்குக் காது சும்மாதான் இருக்கிறது. அந்த பஸ்ஸில் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோர் காதிலும் ஏதாவது செருகியிருக்கும். பாட்டுக்கு அடுத்தபடியாகக் கதை கேட்கிறவர்களும் அவர்களில் உண்டு. பொன்னியின் செல்வனில் நாலாம் பாகத்தில் இருப்பதாக ஒரு லேத் பட்டறைப் பையன் சொன்னான். புத்தகமாக அவன் அதைத் தொட்டதில்லை, தொடப்போவதுமில்லை. அவனைப் போன்றவர்களுக்குத் தமிழ் உரைநடை என்பது இனிமேல் காதில் விழுகிற அந்தக் குரல்தான். அதனால் அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

கேட்டவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளியிட்டவர்கள், வாசித்தவர்கள் பெயர் வேண்டாம். குறை ஒருவருடையதல்ல, பரம்பரையாக வருவது.

முதலாவது, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பட்டணத்து வீதியில் ஒரு கிழவராக வந்து நிற்கிற கடவுள், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிற ஒரு பிள்ளையோடு ஓட்டலுக்குப் போய்க் காப்பி சாப்பிடுகிறார். காப்பியில் சிக்கரி கலந்திருக்கிறதா என்கிற லெவலில்தான் இருவர் பேச்சும் நடக்கிறது. பத்திரிகைக்குக் கடவுள் ஆயுள் சந்தா கட்டுகிறார். கதையின் உயிரே கடவுள் நம்மைப் போலப் பேசுகிறார் என்பதில் இருக்கிறது. நான் கேட்ட பதிவில் கடவுள் வாய் திறக்கும்போதெல்லாம் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலி. ‘சரஸ்வதி சபத’ காலத்துச் சினிமாவில் மேகத்துக்கு நடுவிலிருந்து வருமே, அந்தக் குரல். புதுமைப்பித்தன் எதைக் கீழே போட்டு உடைத்தாரோ அதைப் பொறுக்கியெடுத்து ஒட்டித் தந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கதையில் அந்தக் கடவுளே ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டிச் சான்ஸ் கேட்டு, தேறாமல் திரும்புகிறார். அதை வாசித்த பிறகும் நம் குரல் கலைஞருக்குச் சந்தேகம் தட்டவில்லை.

இரண்டாவது, மௌனியின் ‘பிரபஞ்ச கானம்’. பாடக்கூடாது என்று நிறுத்தப்பட்ட ஒருத்தியின் பாட்டு வராமலே இருப்பதில்தான் இந்தக் கதையின் பெரும்பகுதி நடக்கிறது. கடைசியில் அவள் பாடுகிறாள், அதோடு முடிந்துபோகிறது. பதிவில் முதல் வாக்கியத்துக்கு முன்பே வீணை ஆரம்பித்துவிட்டது. பிறகு வயலின் சேர்ந்துகொண்டது. இருபது நிமிஷத்துக்கு மேல் பாட்டு ஓயவே இல்லை. அவள் பாடுகிற இடம் வந்தபோது, பாவம், சங்கீதக்காரருக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான்.

மூன்றாவது ஒரு புதுக்கவிதைத் தொகுப்பு. கவிஞர் உயிரோடு இருக்கிறவர்; பெயர் வேண்டாம். வாசித்தவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொன்னார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கவியரங்க மேடையில் வரியை முதல் தரம் சொன்னால் கூட்டத்துக்குக் காது திரும்பும். இரண்டாம் தரம் கைதட்டல் விழும். அங்கே அதற்கு ஒரு காரியம் இருந்தது. காதில் செருகிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் யாருடைய கைதட்டலுக்காக இந்த இரண்டாம் தரம்? சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘எழுத்து’ என்று பெயர் வைத்தார். ஓசை இல்லாதது கவிதையாகுமா என்று பண்டிதர்கள் கேட்க, கண்ணுக்கும் மனசுக்குமான ஓசை வேறு என்று அந்தப் பக்கங்களில் வருஷக்கணக்காக வாதாடினார்கள். அந்தக் கவிதையைத்தான் கடைசியில் கவியரங்கத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் காரணம் கேட்டால், பணமில்லை, நல்ல ஸ்டூடியோ இல்லை, குரல் கொடுக்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி, முன்கூட்டிப் படித்துப் பார்க்க நேரமில்லை என்பார்கள். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிரொலிக்கும் வீணைக்கும் செலவு செய்ய முடிந்திருக்கிறதே. காசில்லாதவன் செய்கிற தவறுகள் இவையல்ல. வேறு எங்கேயோ கோளாறு. கொஞ்சம் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கதை கேட்பதற்குக் குரலைக் கூலிக்கு அமர்த்தியதற்கு மிகப் பழைய சாட்சி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கூரம் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. வாசிப்பதற்கு, நடிப்பதற்கல்ல. ஊருக்கு முன் உட்கார்ந்து ஒருவன் ஏட்டைப் பார்த்துச் சொல்லுகிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்த ஏட்டிலும் இன்று நாம் பழகியிருக்கிற காற்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் குறி எதுவும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியே பல ஏடுகளில் வைப்பதில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே பதம் பிரிப்பது என்பது முழுக்க வாசிப்பவன் பொறுப்பு. ஏற்கெனவே விஷயம் தெரிந்தவனால்தான் ஏட்டை வாசிக்கவே முடியும். (வள்ளுவர் ‘கல்லாமை’ அதிகாரத்துக்கு அடுத்ததாகக் ‘கேள்வி’யை வைத்ததும் இந்த உலகத்தில்தான். எழுத்தறியாதவனுக்குக் கேள்வியை ஒரு இரண்டாந்தரச் சலுகையாக அவர் வைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.)

கூரம் பழைய கதை என்று தள்ளுகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது இன்றும் நடக்கிறது. பதினெட்டு நாள் என்பது வழக்கு. ஊருக்கு ஊர் கூடும், குறையும். பகலில் பிரசங்கி வருகிறார். வில்லிபுத்தூராரின் பாட்டைச் சொல்லி, பதம் பிரித்து, பொருள் சொல்லி, கிளைக்கதைகளுக்குப் போய்த் திரும்புகிறார். இரவில் அதே பகுதியைக் கூத்தாடிகள் முடியும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடக்கிறான். ஒரே கதை, ஒரே ஊர், ஒரே ஜனம். பகலுக்கு ஒரு குரல், இரவுக்கு ஒரு குரல். பிரசங்கி சில சமயம் குரலை ஏற்றி இறக்குவார், பாடுவார், தமாஷ் பண்ணுவார். ஆனாலும் அவர் துரியோதனனாக ஆவதில்லை. துரியோதனன் சொன்னதைச் சொல்கிறவராகவே இருக்கிறார். நமக்கும் துரியோதனனுக்கும் நடுவில் வில்லியின் பாட்டு இருக்கிறது, அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் தாம் இருக்கிறோம் என்ற பிரக்ஞை அவருக்கு உண்டு. கூத்தாடிக்கு அது தேவையில்லை. அவன் வேறு காரியத்துக்கு வந்தவன். இந்த வித்தியாசத்தை எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் தெளிவாக வைத்திருக்கிறார்கள். பகலில் பிரசங்கி கூத்தாடியைப் போலக் கர்ஜித்தால் பெரியவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அச்சு வந்த பிறகும் வாசிப்பவன் போய்விடவில்லை. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றவர்கள் போட்ட ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? மங்கலான விளக்கில், எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒருவன், சுற்றி உட்கார்ந்திருக்கிற பத்துப் பேருக்காக வாசிப்பதற்கு வசதியான எழுத்து. நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் பட்டிக்காடுகளில் பரவியது இப்படித்தான். ஐந்தாவது படித்த ஒரு பையன் ஒரே தொனியில் தட்டித் தடுமாறி வாசிக்க, நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற இடத்தில் பெண்கள் வாய்விட்டு அழுததாக எங்கள் பக்கத்து வயசானவர்கள் சொல்வார்கள். பையன் அழவில்லை. அவனுக்கு அடுத்த வரியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவன் அழுதிருந்தால் இவர்கள் அழுதிருப்பார்களா என்பது சந்தேகம்.

பிறகு எந்திரம் வந்தது. எடிசன் 1877இல் போனோகிராபைச் செய்தார். அடுத்த வருஷமே அதன் உபயோகங்கள் என்று அவர் எழுதிய பட்டியலில், குருடர்களுக்குப் பேசும் புத்தகங்கள் என்பதும் ஒன்று. ஆனால் தட்டில் கொள்வது மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலரை. மூன்று நிமிஷத்தில் ஒரு பாட்டு அடங்கும். ஒரு சண்டை அடங்கும். ஒரு நாவல் அடங்காது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்ததிலிருந்து இந்தத் தேசத்தில் தட்டு என்றால் பாட்டு என்றாயிற்று. தமிழில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டில் பாடினார்கள். ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டு வியாபாரத்திலிருந்துதான் பின்னால் சினிமாவுக்குப் போனது. பாட்டைத் தாண்டிக் கதைக்கு ஆசைப்பட்டபோது வந்தது நாடக செட்டு. ஒரு புராணக் கதையைப் பல தட்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிமிஷத்துக்குள் ஒரு பாட்டு, கொஞ்சம் வசனம், ஒரு அழுகை அல்லது ஒரு வாக்குவாதம். இது 1930களின் பெரிய சரக்கு. கதையை இணைக்கிற சொற்கள், வர்ணனை, கதைசொல்கிறவனின் மேல்நோக்கு எல்லாவற்றுக்கும் தட்டில் இடமில்லை. பாத்திரங்கள் பேசிக்கொள்வது மட்டும் மிஞ்சியது. வாசிப்பவன் முதன்முதலாகக் காணாமல் போனது இங்கேதான் என்று நினைக்கிறேன். யாரும் அவனைத் துரத்தவில்லை. மூன்று நிமிஷத்தில் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

(பாரதி 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார். பாட்டுத் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்த காலம். அவரோ பாடிக் காட்டுவதில் சளைக்காதவர். ஒரு தட்டு, மூன்று நிமிஷம், யாருக்கும் தோன்றவில்லை.)

மேனாட்டில் நடந்தது வேறு. முதல் உலக யுத்தத்தில் கண் போன சிப்பாய்களுக்கும், வயசான பிறகு பார்வை இழந்து பிரெயில் கற்க முடியாதவர்களுக்கும் புத்தகம் தரவேண்டும் என்பதற்காகவே மெதுவாகச் சுற்றுகிற நீளமான தட்டுகளைச் செய்தார்கள். அமெரிக்காவில் 1934இல், பிரிட்டனில் 1935இல் பேசும் புத்தகங்கள் வந்தன. பிரிட்டனின் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். முதலில் போனவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், இன்னொன்று கான்ராடின் ‘டைபூன்’. வாசிக்கிறவர் எவ்வளவு நடிக்கலாம், நடிக்கவே கூடாதா என்ற சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது. அதில் கண்ணில்லாத வாசகர்களும் தங்கள் கட்சியைச் சொன்னார்கள். எங்களுக்குப் புத்தகத்தைக் கொடுங்கள், உங்கள் அபிப்பிராயத்தைக் கொடுக்காதீர்கள் என்பது அவர்களில் பலருடைய கட்சி. அந்தத் தட்டு யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்குப் பக்கத்தைப் பார்க்க வேறு வழியில்லை. அதனால் பக்கத்துக்கு மரியாதை இருந்தது. நியூயார்க்கில் இருபத்திரண்டு வயசுப் பெண்கள் இரண்டு பேர் 1952இல் கேட்மன் என்ற கம்பெனி ஆரம்பித்து டிலன் தாமஸை வாசிக்கவைத்ததும் இந்த மரியாதையின் தொடர்ச்சிதான். தாமஸ் முழங்குகிறவர், சந்தேகமில்லை. ஆனால் முழங்குவது தம் சொல்லை.

நம்மிடம் அதே 1952இல் வந்தது ‘பராசக்தி’. கோர்ட் சீன் வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காத பையன் இல்லை என்கிற நிலை. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1965இல் ‘திருவிளையாடல்’. கல்யாண வீட்டிலும் மாரியம்மன் பண்டிகையிலும் குழாய் கட்டி வசனத் தட்டுகளைப் போட்டு ஊருக்கே கேட்கவைத்தார்கள். பிலிப்ஸ் 1963இல் செய்த காஸெட், எண்பதுகளில் டீக்கடை வரை வந்தபோது, 1984இல் ‘விதி’யின் கோர்ட் வாதம் முழுவதையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. சினிமா பார்க்காமலே சினிமாவைக் கேட்கிற ஒரு ஜனம் உருவாயிற்று. உலகத்தில் வேறு எங்கே இப்படி என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருக்கிறது. ஆனால் தமிழ்க் காதுக்கு ‘பதிவான கதை’ என்றால் இதுதான் என்று ஆனதும் அப்போதுதான். ஒரு குரல் உயர, மறு குரல் அடங்க, நடுவில் வாத்தியம் ஒரு வெட்டு வெட்ட.

வானொலி கொஞ்சம் எதிர்ப்புறமாக இழுத்தது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி 1939இலும் வந்தன. கால் மணி நேரத்துக்குச் சிறுகதை வாசிக்க எழுத்தாளர்களையே கூப்பிட்டார்கள். குரல் கட்டியவர்கள், மூக்கால் பேசுகிறவர்கள், பேப்பரைச் சலசலக்கவிடுகிறவர்கள் எல்லோரும் வாசித்தார்கள். வானொலி நாடகம் இந்தக் காரியத்தைச் சீக்கிரமே ஓரங்கட்டியது. இலங்கை வானொலி நாடகங்களின் ருசி கண்ட தென்கோடி ஜனங்களுக்குக் கேட்க வேண்டாம். ஆனாலும் வாசிப்பவனின் குரல் ஒரு இடத்தில் தப்பிப் பிழைத்திருந்தது. டில்லியிலிருந்து தமிழில் செய்தி தந்தவர்கள் தங்களை அறிவித்துக்கொண்டபோது ‘வாசிப்பது’ என்ற சொல்லைத்தான் வைத்துக்கொண்டார்கள். 2022இல் காலமான சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலை நினைத்துப் பாருங்கள். யுத்தமோ, ஒரு தலைவரின் மரணமோ, வெள்ளமோ, அந்தக் குரல் துக்கத்தை நமக்காகப் பட்டுத் தீர்த்துவிடவில்லை. துக்கப்படுகிற வேலையை நம்மிடம் விட்டது. ஒரு கதையை அப்படி வாசித்தால் என்ன என்று நம் ஒலிநூல்காரர்களில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்குப் புரிவதில்லை.

2017இல் ஸ்டோரிடெல்லும் 2018இல் ஆடிபிளும் இந்தியாவுக்கு வந்தன. கைபேசியில் டேட்டா மலிந்தது. இங்கே குரலுக்கு ஆள் தேடியபோது கிடைத்தவர்கள் டப்பிங்காரர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், சீரியல் நடிகர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூத்தாடியைப் பகலில் கூட்டிவந்து பிரசங்கி ஆசனத்தில் உட்காரவைத்தால் அவன் கூத்துத்தான் ஆடுவான்.

கூத்தே சரியாக இருக்கிற புத்தகங்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். பாம்பே கண்ணன் கல்கியின் சரித்திர நாவல்களைப் பல குரல்களில் நாடகமாகவே செய்திருக்கிறார். அதைக் கேட்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய பொன்னியின் செல்வன், வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்ட கதை. பாதிக்கு மேல் சம்பாஷணை. அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக்கிடல். அதன் கூடு நாடகத்தின் கூடு. நாட்டுடைமையான எழுத்தாகையால் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்; மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபோது ஆளுக்கொருவர் வாசித்தார்கள். அதன் வெற்றியை வைத்து எல்லாக் கதைக்கும் அதே சட்டையைத் தைத்ததுதான் வினை. வந்தியத்தேவனுக்குப் பொருந்துகிற குரலை மௌனியின் பெயரில்லாத ஒருவனுக்கு மாட்டினால் தொளதொளவென்று நிற்கிறது. ஓசூரிலிருந்து எழுதுகிற பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கத’யை (2008) யாராவது வாசிக்கத் துணிந்தால் பார்க்க எனக்கு ஆவல். அந்த நீண்ட வாக்கியங்களுக்குள் நடிகனுக்கு வேலையே இல்லை. மூச்சு எங்கே விடுவது என்பதுதான் முழு வேலையும், அதற்குக் காற்புள்ளியை நம்புகிறவன் வேண்டும்.

தமிழில் இந்த வேலைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு அது வேறு விதம். நம் எழுத்து, வல்லினத்தின் நாலு சப்தங்களையும் ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது. ‘பாவம்’ என்று அச்சில் இருந்தால் செய்த வினையா முகத்தின் குறிப்பா என்று வாசிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஊர்ப் பிரசங்கி ‘பீமன் கதையை எடுத்தான்’ என்ற இடத்தில் தடுக்கி விழமாட்டார். நான் கேட்ட ஒரு மகாபாரத ஒலிநூலில், ஓரளவு பேர் பெற்ற ஒரு குரல், பீமன் தன் வரலாற்றைத் தலைக்கு மேல் சுழற்றியதாக உருக்கமாக வாசித்தது. வாக்கியத்தை முன்கூட்டி ஒரு தரம் பார்த்திருந்தால் நடந்திராது. உருக்கத்துக்கு ஒத்திகை நடந்திருக்கிறது, வாக்கியத்துக்கு நடக்கவில்லை.

வட்டாரப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். இந்தப் பதிவுகளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று: அக்கிரகாரம், மதுரை, சென்னைக் குப்பம். மூன்றும் சினிமாவிலிருந்து கடன் வாங்கியவை. தெலுங்கும் கன்னடமும் ஊடாடுகிற எங்கள் பக்கத்துப் பேச்சைப் பேசுகிற ஒரு பாத்திரம் வந்தால் அதற்கு மதுரையை மாட்டிவிடுவார்கள். கிராமம் என்றால் மதுரைதானே.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் இன்னொரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், எம்.ஏ. தமிழ், பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்கு ஒலிநூல் பஸ்ஸில் பொழுது போவதற்கு. பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு ராத்திரி புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். அவருக்கு அந்தப் பதிவுதான் மௌனி. வீணையைக் கழற்றிவிட்டுக் கேட்க அவருக்கு வழி கிடையாது. காலேஜில் படிக்கும்போது புண்ணியத்துக்கு வாசித்துக் கொடுத்தவர்களின் காஸெட்டுகளில்தான் பாடம் கேட்டிருக்கிறார். அவற்றில் மின்விசிறிச் சத்தமும் தெருவில் போகிற காய்கறி வண்டியும் இருக்கும், ஆனால் வாசித்தவர்கள் வாசித்தார்கள் என்கிறார். இப்போது புத்தகத்தை ஸ்கேன் செய்து கைபேசியின் இயந்திரக் குரலை விட்டு வாசிக்கச் சொல்கிறார். அதுவும் சாதாரண வேகத்தைப் போல் இரண்டு மடங்கில். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடுவதில்லை. அந்த இயந்திரம் பாவத்துக்கும் பா(b)வத்துக்கும் வித்தியாசம் தெரியாதது, கேள்விக்குறியைக் கண்டால் விக்குகிறது. இருந்தும் பேர்போன நடிகர் வாசித்ததைவிட அதுதான் தேவலை என்கிறார். “அது எனக்கு அர்த்தம் சொல்லித் தர வர்றதில்லைங்க சார். தப்பா வாசிச்சா நானே திருத்திக்குவேன். அவர் அழுதுட்டா நான் என்னத்தைத் திருத்தறது?”

இலக்கிய விமரிசனமாக இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. மொழிக்குள் ஒரு குரல் இருக்கிறது, அதை வாசகன் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நாம் கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டாக எழுதி வருகிறோம். ஒரு தலைமுறை அந்தக் குரலைக் கேட்க இயந்திரத்திடம் போகவேண்டியிருக்கிறது என்றால், மனிதர்கள் யாரும் வாசிக்க முன்வரவில்லை என்றுதான் அர்த்தம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. 2012இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் போன்றவர்களுக்காக லாப நோக்கமில்லாமல் எந்தப் புத்தகத்தையும் அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. உரியவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இதற்கென்று 2013இல் மராகேஷில் உண்டான சர்வதேச உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். ஆக, தடை அங்கே இல்லை. நாட்டுடைமையாகாத நவீன எழுத்தாளர்களை வணிகக் கம்பெனிகள் சீண்டாது. விற்காது என்று அவர்களுக்குத் தெரியும். முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறு விற்கிற நம்மைப் போன்றவர்கள்தான் வாசிக்க வேண்டும். நம்மில் பலருக்குக் குரல் நன்றாக இராது. அது ஒரு தகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கல்லாவியில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மௌனியின் கதைகளை அவருக்காகக் கைபேசியில் வாசித்துப் பதிந்து வருகிறேன். ஒரு பக்கம் வாசிக்க இரண்டரை நிமிஷம் ஆகிறது. கண்ணால் என்றால் ஒரு நிமிஷம். மௌனியின் வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் ஒரு பத்தியை ஐந்து தரம் வாசித்த நாள் உண்டு. முதல் கதையை அனுப்பியதும் அவர் கூப்பிட்டார். நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று ஒன்றும் சொல்லவில்லை. பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொல்லவேண்டும் என்றார். ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டிருக்கிறாராம், மேற்கோள் காட்ட எண் வேண்டும். ஒலிநூல் ஒன்றிலும் அது கிடைப்பதில்லை என்றார். பிறகு, முன்னட்டையிலிருந்து ஆரம்பித்து எந்தப் பதிப்பு, எந்த வருஷம், அச்சகம் எது, விலை என்ன என்று எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். விலை எதற்கு என்று கேட்டேன். “உங்களுக்குத் தெரியுமில்லீங்களா, எனக்கும் தெரியட்டும்” என்றார்.